ஆறாவது தட்டு

அட, வெளியவே நின்னா எப்படி? உள்ள வாங்கம்மா. சமையல்கட்டு வழியா வந்தா என்ன, எல்லாம் ஒரே வீடுதான். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரமா? நல்லதாப் போச்சு, சாப்பிட்டுட்டே கிளம்பலாம். ஐயோ, சிரமமெல்லாம் இல்ல. இந்த மடத்துல நாங்க அஞ்சு சிஸ்டருங்க, தட்டு மட்டும் தினமும் ஆறு. ஆறாவது, வர்றவங்களுக்கு. நேத்து ஒரு லாரி டிரைவர் வந்தார். பாவம், நல்ல பசி. கடைசியில சமைச்ச எனக்கே மிச்சமில்ல!

சும்மா உக்கார மாட்டீங்களா? சரி, இந்தாங்க கத்தி, இந்த பீன்ஸை நறுக்குங்க.

மத்த நாலு பேரும் வாசல்ல நிக்கறாங்க. தலைமை மடத்துலேர்ந்து ஒரு சிஸ்டர் வர்றாங்களாம். ஆள் கொறைஞ்சுபோச்சே, இந்த மடத்தை மூடிடலாமான்னு பார்க்க. மதர் காலையிலேர்ந்து ஜன்னலைத் தேய்ச்ச தேய்ப்புல கண்ணாடியே இளைச்சுப்போச்சு.

பயமா? இருக்கும்மா, ஏன் பொய் சொல்லணும். எங்களை வேற மடத்துக்கு அனுப்பிடுவாங்க, அது ஒண்ணுமில்ல. அந்த ஆறாவது தட்டுக்கு வர்றவங்க பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போவாங்களே, அதைத்தான் நெனைச்சுப் பார்க்க முடியல.

இதோ, மணி அடிக்குது. ஜெப நேரம். ஒரு நிமிஷம்மா.

ஆமென்.

எங்க வழக்கம் ஒண்ணு உண்டு. மணி அடிச்ச நொடியில கைவேலையை விட்டுடணும். எழுதிட்டிருந்தா பாதி எழுத்தோட நிறுத்தணும். எங்க சலவை சிஸ்டர் ஒரு தடவை இஸ்திரிப்பெட்டியைப் பீடத்துணி மேலயே வச்சுட்டுக் கண்ணை மூடிட்டாங்க. கருகின நாத்தம் வீடு முழுக்க. ஒருத்தர் கண்ணைத் தொறக்கணுமே! ஜெபம் முடிஞ்சுதான் ஓடினோம்.

வெளியாளுங்க அப்படி இல்ல. நறுக்கறதை நறுக்கி முடிச்சுட்டுத்தான் நிமிருவாங்க. உங்க பீன்ஸைப் பாருங்க. கத்தி பாதியிலயே நிக்குது.

ஐயய்யோ, எழுந்திருக்காதீங்க சிஸ்டர்! சாதாப் புடவையில வந்தா தெரியாதா என்ன? நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். அவங்க வாசல்லயே கொஞ்சம் காத்தாட நிக்கட்டும். நீங்க அந்த பீன்ஸை முடிங்க. மூடறதா வேணாமான்னு சாப்பிட்டப்புறம் எழுதிக்கலாம். முட்டை ரெண்டா வைக்கிறேன். சேச்சே, லஞ்சமெல்லாம் இல்ல. ஆறாவது தட்டுக்கு எப்பவுமே ரெண்டுதான்.