ஸ்ரீபனை விடுவிக்க முடியாது

நல்ல முன்கள வீரன் கிடைப்பது, இந்தப் பலெர்மோ நகரத்தில் வாடகைக்கு வீடு கிடைப்பதைவிடக் கஷ்டம். கிடைத்தவனை வைத்திருப்பது அதைவிடக் கஷ்டம். உங்களுக்கு உதைபந்தாட்டம் பிடிக்கும் என்று மொழிபெயர்க்கிற பிள்ளை சொன்னார். அதனால் நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

எங்கள் தமிழ் அணியில் யாருக்கும் சம்பளம் இல்லை. பெடியள் சீசாப் பகுதி மாடிவீடுகளில் படிக்கட்டுத் துடைக்கிறார்கள், ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்பிடித் துறையில் மீன் வெட்டுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஓடுகிறார்கள். கோடையில் இத்தாலியிலிருந்து ஐரோப்பியத் தமிழர் சுற்றுப்போட்டிக்குக் கூட்டிப்போவேன். அங்கே ஜெர்மனிக்காரரும் சுவிஸ்காரரும் என் ஆட்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, வேலை தருகிறோம், வீடு தருகிறோம் என்று ஆசைகாட்டி இழுத்துவிடுவார்கள். முகாமையாளராக இருந்து அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான் ஒப்பந்தத்தை மலையில் வைத்தேன். பெல்லெக்ரீனோ மலைக்கு வெறுங்காலுடன் ஏறி, புனித ரொசாலியாவின் குகையில் நின்று, இத்தனை சீசன் இந்த அணிக்கு விளையாடுவேன் என்று ஒவ்வொருவனும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சைவப் பெடியளும் சொன்னார்கள். அந்தத் தாய்க்கு இங்கே எல்லோரும் பயம். என் முன்கள வீரன் ஸ்ரீபன் மூன்று சீசன் என்றான். அவனை நம்பித்தான் மற்ற இடங்களுக்கு ஆள் பிடித்தேன்.

முதல் சீசன் முடிந்ததும் நான் சமைக்கிற உணவகத்துக்கு வந்தான். முகம் மலர்ந்திருந்தது. ஸ்ருட்கார்ட்டில் அவன் மனைவி றோசமலரின் தமையன் இருக்கிறார்.

"கிறிகோரி அண்ணை, நாங்கள் ஜெர்மனிக்குப் போறம். அங்கத்தைய டீமும் என்னைக் கேட்டிருக்கு."

"தாயிட்டைச் சொன்ன சொல்லு?"

"போன கிழமை மலை ஏறி அவவிட்டையே கேட்டிட்டன். கோவிக்கமாட்டா."

தாயிடம் கேட்டானாம். என்னிடம் கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய மனவருத்தம்.

ஆனால் நான் அவசரப்படவில்லை, யோசித்தேன். முழங்கால் உடைந்தவன் நாடு மாறமாட்டான். சத்திரசிகிச்சை, உடற்பயிற்சி எல்லாம் இங்கேதான் நடக்கும். ஸ்ரீபன் வலது காலால் உதைப்பவன், ஆகவே இடது காலைத் தெரிந்தெடுத்தேன். வரும் சீசன் அவன் இல்லை, சரி. நடுக்களத்தில் நிற்கிற சுஜீவனை முன்னுக்குக் கொண்டுவந்து சமாளிக்கலாம். அதற்கடுத்த சீசன் ஸ்ரீபன் திரும்பிவிடுவான். இப்போது யோசித்தாலும் அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

"போகமுன்னம் ஒருக்கால் சேர்ந்து மலை ஏறுவம்" என்றேன். சந்தோசமாக வந்தான். கோல் வலைக்கு முளை அடிக்கிற சுத்தியல் என் பையில் இருந்தது. பழைய கற்பாதையின் வளைவொன்றில், காலில் குத்திய முள்ளை எடுக்கக் குனிந்தான். ஒரு அடி போதும் என்று நினைத்திருந்தேன், போதவில்லை. எலும்பு கெட்டியாக இருந்தது. தோலைக் கிழித்துக்கொண்டு அது வெளியே வந்த பிறகுதான் நிறுத்தினேன். வலது காலில் நகம்கூடப் படவில்லை.

ஏன் அடித்தேன் என்று அவனுக்கு விளங்கியது. கெட்டிக்காரன்.

"நான் போகேல்லை அண்ணை. இஞ்சையே நிக்கிறன். சத்தியமா."

கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு யோசித்தேன். தாய்க்கு முன்னால் சொன்ன சொல்லையே மாற்றியவன், வலியில் சொல்வதை எப்படி நம்புவது? ஆஸ்பத்திரியில் என் பெயரைச் சொல்லுவான். ஊன்றுகோலோடாவது ரயில் ஏறிவிடுவான். என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, தலையில் அடித்தேன். முகம் இன்னாருடையது என்று தெரியாமல் போகும்வரை அடித்தேன். பாதையோர மதிலுக்கு மேலால் பள்ளத்தில் தள்ளிவிட்டேன். வெறுங்காலோடு போனவன் சறுக்கி விழுந்தான் என்று உங்கள் பொலிஸ் ஆட்களே முடிவு செய்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

பெட்டியின் முன்பக்கத்தை நான்தான் தூக்கினேன். உண்மையாகவே அழுதேன். எங்கே அடக்குவது என்று றோசமலர் கேட்டபோது, "இஞ்சையே வைப்பம் பிள்ளை, நாங்கள் பாப்பம்" என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் மைதானத்துக்குப் போகமுன் பூக்கொண்டுபோய் வைத்தேன். எனக்கு மனநிறைவாக இருந்தது.

போன கிழமை அவள் வந்தாள். தமையனிடம் போய்விடப் போகிறாளாம்.

"இவரையும் கொண்டுபோறன் அண்ணை. அவர் போக ஆசைப்பட்ட இடம். தோண்டி எடுக்க நகரசபை ஓம் எண்டிட்டுது."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அதனால்தான் இன்று நானாக உங்கள் குவெஸ்தூராப் பொலிஸ் நிலையப் படியேறி வந்தேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை, மனச்சாட்சியும் உறுத்தவில்லை. சுத்தியல் என் சமையலறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கொலை வழக்கென்றால் உடலை நாட்டைவிட்டுக் கொண்டுபோக விடமாட்டார்களாம். எங்கள் உணவகத்துக்குச் சாப்பிட வருகிற வக்கீல் அம்மா ஒருவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். இங்கே வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும் என்றும் சொன்னார்.

ஆகவே தயவுசெய்து ஆறுதலாக விசாரியுங்கள். இன்னும் இரண்டு சீசன்தான் பாக்கி. ஸ்ரீபன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடுவான்.