பேனா மூடிக் கண்

— கயித்தத் தாண்டாத பாப்பா, பலகையில எழுதிப் போட்டிருக்கு பாரு.

— நம்ம வீடு எங்கப்பா? வெறும் செங்கல் குழிதான இருக்கு!

— அந்தக் குழிக்கு மேலதான் இருந்துச்சு கண்ணு. அதோ, ஒருத்தர் குடை பிடிச்சு நிக்கறார்ல, அங்கதான் நம்ம வாசப்படி.

— ஆமா, பெரிய வாசப்படி! சொந்த அடுப்படியப் பாக்க டிக்கெட் வாங்கிட்டு வந்த ஒரே குடும்பம் நாமதான். எல்லாரும் புள்ளைங்களுக்குச் சரித்திரம் காட்டறாங்க, உங்கப்பா அவரு சாமர்த்தியத்தக் காட்டறாரு.

— என்னம்மா சாமர்த்தியம்?

— கக்கூஸுக்குக் குழி தோண்டறப்ப ஒரு பழைய பானை வந்துச்சு. எதிர்வீட்டுக்காரன் தோண்டினப்பவும்தான் வந்துச்சு. அவன் சத்தமில்லாம மண்ணத் தள்ளி மூடிட்டான். தவளை தன் வாயால கெடும்பாங்க. இவரு துண்டுல சுத்தித் தொல்லியல் ஆபீஸுக்கே கொண்டுபோய்க் குடுத்துக் கெட்டாரு.

— நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. நம்மளுது இல்லாதத நாம எப்படி வெச்சுக்கறது?

— ஒரு பானையக் குடுத்தீங்க, தோண்டிப் பாக்கணும்னு நாலே மாசத்துல தெருவையே இடிச்சுட்டாங்க. நம்மளத் தகரக் கொட்டாயில தள்ளினாங்க. அந்தக் கொட்டாயிலதான என் புள்ள காய்ச்சல்ல...

— பாப்பா முன்னாடி வேணாமே.

— ஏன், அவளுக்கும் தெரியட்டும். அண்ணன்னா போட்டோ மட்டும்தானா?

— அம்மா, வெயில் சுடுது. மியூசியத்துக்குள்ள போலாம்மா.

— அப்பாடா, உள்ள ஜில்லுன்னு இருக்கு! அப்பா, இந்த மண்ணு நாயப் பாரேன், நொண்டி நாய்! என்ன எழுதியிருக்கு, படியேன்.

— ‘சுடுமண் நாய். இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையானது. கண்களில் உள்ள வட்டக் குறிகள் சடங்கு தொடர்பானவையாக இருக்கலாம்.’

— ஏங்க.

— என்ன?

— அது சடங்கு இல்லீங்க. பேனா மூடி.

— என்ன உளர்ற?

— பச்சை மண்ணுல பேனா மூடிய வெச்சு அமுக்கினான். கண்ணு உருண்டையா வரணும்மான்னான். மண்ணு பத்தாம ஒரு கால் குட்டையாப் போச்சு. சோறு வேகறப்ப எனக்குத் தெரியாம அடுப்புல சொருகிச் சுட்டான். அதுக்கு முதுகுல ரெண்டு வெச்சேன். பாவி, நான்தான் வெச்சேன். வீட்ட இடிச்சப்ப காணாமப் போச்சே... காய்ச்சல்லயும் ‘என் நாய், என் நாய்’னுதான கேட்டான்?

— ஆமா. அந்தக் குட்டைக் காலு... அவனோடதுதான். இரு, அந்தக் காவல்காரர்கிட்ட சொல்லிடறேன். தப்பா எழுதி வெச்சிருக்காங்க.

— சொல்லப் போறீங்களா?

— நியாயம்னு ஒண்ணு...

— அந்த வார்த்தைய இனிமே வாயில எடுக்காதீங்க! ஒரு தடவ நியாயம் பேசி வீடு போச்சு, புள்ள போச்சு. பத்து வருஷத்துப் பொம்மைன்னு தெரிஞ்சா குப்பையில வீசிடுவாங்க. நம்மளுதுன்னு சொன்னா யாரு நம்பிக் கையில குடுக்கப் போறா? இங்க விளக்குப் போட்டு வெச்சிருக்காங்க. மழை ஒழுகாது, காத்து அடிக்காது. நம்மகிட்ட அவன் ஒரு நாளாவது இப்படி இருந்தானா?

— அம்மா, ஏம்மா அழற?

— ஹலோ, கண்ணாடியத் தொடாதீங்கம்மா! இங்க காவலுக்கு நான் எதுக்கு நிக்கறேன்? என்ன சார், ஏதாவது சொல்லணுமா?

— ஒண்ணுமில்லீங்க சார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒரு பையன் செஞ்சதுன்னு... பொண்ணுகிட்ட சொல்லிட்டிருந்தேன்.