கோப்பை வாங்கிய கை

திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டைக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் செய்தித்தாளை முழங்காலில் ஓங்கி அறைந்தார். அவர் நகக்கண்ணிலெல்லாம் கிரீஸ்.

“என் தம்பி கையை மட்டும் போட்டிருக்கானுக, மாப்ள!”

காலிப் பூக்கூடையை மடியில் வைத்திருந்தவர் எட்டிப் பார்த்தார். “கையா? எங்க மச்சான்?”

“சோழவரத்துல கார் ரேஸ்ல முதலா வந்தான்ல? இந்தா, கோப்பையக் கொடுக்கிற பெரிய மனுசன் முழுசா நிக்கிறாரு. வாங்குறவனை மணிக்கட்டோட வெட்டிட்டானுக.”

“பேரு போட்டிருப்பானே?”

“கொடுத்தவரு பேரு இருக்கு. காரு பேருகூட இருக்கு. ஓட்டுனவன் பேரு இல்ல. காரு என்ன தானா ஓடுச்சா?”

“இடம் பத்தலையோ என்னமோ.”

“இடமா? பக்கத்துல பாரு. ரெண்டாவது பந்துலயே அவுட்டாகி வாரான் ஒரு கிரிக்கெட்டுக்காரன், அவனுக்கு அம்புட்டுப் பெரிய படம்! ஹோட்டல்ல அவன் என்ன சாப்பிட்டான்னு கட்டம் கட்டிப் போட்டிருக்கான். என் தம்பி உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டியிருக்கான்யா!”

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பூக்கூடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“அத்தைகிட்ட என்னத்தக் காட்டப் போறீக?”

“இதைத்தான். இஞ்சின் ஃபேன் பெல்ட்டுல சிக்கிப் பாதி போன சுண்டுவிரலு, தெரியுதா? இத வச்சே எங்காத்தா மகனைக் கண்டுபிடிச்சிருவா. முழு ஆளா முன்னால நின்னும் இந்தப் பேப்பர்க்காரனுக்குத்தான் கண்ணு தெரியல.”