கொழுந்து லொறிக்கு வழிவிட்ட பஸ்ஸின் கணக்கு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பாடசாலை அதிபர் ராஜலிங்கம் அவர்களே, வாங்குகள் போதாமல் வாசலிலும் நிறைந்து நிற்கும் பெரியோர்களே, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மாரே, என் மாணவச் செல்வங்களே! அலவத்துகொடையிலிருந்து இந்தத் தெல்தோட்டை மலைக்குக் கணிதம் கற்பிக்க வந்த ஷிபானாவின் ஸலாமும் வணக்கமும் உங்கள் எல்லோருக்கும்!

நம் உயர்தரக் கணித வகுப்பை மூடுவதா, வைத்திருப்பதா? அதற்குத்தான் கூடியிருக்கிறோம். மூடச் சொன்னவர் யார்? போன வாரம் வகுப்பைப் பார்க்க வந்த ஓர் அதிகாரி. ஏன் சொன்னார்? கேளுங்கள்!

அன்று நான் கொடுத்த கணக்கு, நீங்கள் தினம் காணும் காட்சி. மலைப்பாதையில் பஸ் ஏறுகிறது. எதிரே கொழுந்து லொறி இறங்குகிறது. யார் பின்வாங்குவது?

"பஸ்ஸுதான் டீச்சர்! கொழுந்து வாடிருமாம்ல!"

சரியாகச் சொன்னீர்கள், வேலாயி அக்கா! இலைக்கு வழிவிட்டு ஆட்கள் பின்னால் போகும் பாதை, நம் பாதை!

பஸ்ஸின் வேகம் தொடக்கத்தில் செக்கனுக்கு ஆறு மீற்றர். ஒவ்வொரு செக்கனிலும் அது இரண்டிரண்டாகக் குறைந்து, பூச்சியமாகி, பஸ் பின்னோக்கி ஓடத் தொடங்குகிறது. ஆறு செக்கனில் ஓடிய தூரம் என்ன? என் மாணவி சர்மிளா கரும்பலகையில் வேகத்தைத் தொகையிட்டாள். விடை பூச்சியம்! அதிகாரி சிரித்தார். "இந்தப் பிள்ளைகளுக்கு இது சரிவராது" என்று எழுந்தார்.

சர்மிளா அஞ்சினாளா? அழுதாளா? "டீச்சர், பஸ்ஸு பொறப்பட்ட எடத்துக்கே வந்துருச்சு, அதான் பூச்சியம். அது இடப்பெயர்ச்சி. ஓடுன தூரம் வேற!" என்றாள். வேகம் பூச்சியமாகும் மூன்றாம் செக்கனில் கணக்கை இரண்டாகப் பிரித்தாள். முன்னே ஒன்பது மீற்றர், பின்னே ஒன்பது மீற்றர். பின்னே போனதைக் கழிக்கவில்லை, கூட்டினாள். பதினெட்டு! அதைப் பார்க்க அதிகாரி எங்கே? வாசலைத் தாண்டிவிட்டார்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குச் சினம் பொங்குகிறது! தள்ளித் தள்ளிப் பின்னால் அனுப்பியவர்களே, "புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறீர்கள்" என்று எங்களையே ஏசுகிறீர்களா? பின்னால் வந்த தூரமும் நாங்கள் ஓடிய தூரம்! எரிபொருள் எரித்து, எலும்பு குலுங்கி ஓடிய தூரம்! அதைக் கழிக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?

வகுப்பு வேண்டும் என்போர் கையை உயர்த்துங்கள்! இன்னும் உயரே! அதிபர் அவர்களே, எண்ணிக் களைக்க வேண்டாம், உயராத கை இருந்தால் காட்டுங்கள்!

நாளைக் காலை மணியடித்ததும் பாடம் நடக்கும். மூட வருகிறவர் தாராளமாக வரட்டும். முன்வரிசையில் ஒரு கதிரை போட்டு வைக்கிறேன், உட்கார்ந்து படித்துவிட்டுப் போகட்டும்!

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றுக்கும் என் நன்றி. வணக்கம், ஸலாம்!