கொக்கியில் தொங்கிய பூட்டு

செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது பதினேழு. முதல் சத்தம்.

தகரக் கூரை மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது போல ஓர் இரைச்சல். வானத்திலிருந்து வருகிறது. அது ட்ரோன் என்று புரிய மூன்று நொடி ஆகிறது. நான்காவது நொடியில், எங்களுக்குப் பின்னால் வரும் எண்ணெய்க் கப்பலின் நடுவில் விழுகிறது. முதலில் வெளிச்சம். பிறகு சத்தம். பிறகு காற்று. நான் முன்தளத்தில் பெயின்ட் வாளியோடு விழுந்து கிடக்கிறேன். காதுக்குள் விசில் ஊதுகிறது.

நாங்கள் இருப்பது டக். பெரிய கப்பல்களை இழுக்கும் கப்பல். இன்ஜின் செத்துப்போன அந்த எண்ணெய்க் கப்பலை இரும்பு வடம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தோம். இப்போது அது எரிகிறது. வடம் எங்கள் பின்தளத்துக் கொக்கியில் மாட்டியிருக்கிறது. கொக்கியைத் திறந்தால் பிழைப்போம்.

கேப்டன் மேலிருந்து கத்துகிறார். "லெட் கோ! லெட் கோ!"

பின்தளத்திலிருந்து தமிழில் ஒரு குரல்.

"ஏலே, சாவிடா! சாவியக் கொண்டா!"

அது ஆரோக்கியம். சாவி என் இடுப்பில் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனி ஒரு காகிதம் வெளியிட்டிருக்கிறது. கப்பலின் சேவை வரலாறு. ஒரே பக்கம். வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. ஒரு நாட்டுக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட டக் என்று தொடங்குகிறது. பீரங்கிப் பயிற்சிக்கு மிதவைகளை இழுத்ததாம். மணலில் தட்டி நின்ற போர்க்கப்பலை இழுத்துக் காப்பாற்றியதாம். கடற்படை அதற்கு ஒரு மலையின் பெயர் வைத்திருந்ததாம். பிறகு ஏலம். இரண்டு முதலாளிகள். இரண்டு புதுப் பெயர்கள். எல்லாம் உண்மைதான். முகப்பில் பெயின்ட் அடிக்கும்போது பழைய பெயரின் எழுத்துகள் என் கைக்குத் தட்டுப்பட்டிருக்கின்றன. புகைபோக்கியின் நிறம் எத்தனை முறை மாறியது என்பதைக்கூட அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள்.

கடைசி வரி இது: 'போர்ச் சூழலில் மூழ்கியது. பணியாளர் ஒன்பது பேரும் மீட்கப்பட்டனர். உயிர்ச்சேதம் இல்லை.'

பொய். பச்சைப் பொய். புகைபோக்கியின் நிறத்துக்கு இடம் இருக்கிறது. ஒரு மனிதனின் பெயருக்கு இடம் இல்லை.

டக்கில் பத்துப் பேர் இருந்தோம். பத்தாவது ஆள் ஆரோக்கியம். இன்ஜின் ரூமில் எண்ணெய் போடும் வேலை. சேவுகம்பட்டிக்காரன். நான் தாடிக்கொம்பு. இரண்டும் திண்டுக்கல் பக்கம். ஊரில் இரண்டு பஸ் மாறினால் போய்விடும் தூரம். ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டது அந்த டக்கில்தான். முதல் நாளே என்னை மாப்ள என்றான். நானும் அவனை மாப்ள என்றேன்.

அவனுடைய ஒப்பந்தம் முடிந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும். மாற்று ஆள் வரவில்லை. சண்டை நடக்கும் கடலுக்கு எவன் வருவான்? கெடு முடிந்த ஆளைப் போர்ப் பகுதியில் வைத்திருந்தால் கம்பெனிக்குச் சிக்கல். அதனால் காகிதத்தில் அவனை இறக்கிவிட்டார்கள். பணியாளர் பட்டியலில் பெயரை அடித்தாயிற்று. ஆளை மட்டும் விடவில்லை. இறங்கிப்போன ஆள் இருபத்து மூன்று நாளும் இன்ஜின் ரூமில் வேர்க்க வேர்க்க வேலை பார்த்தான்.

இனி பூட்டு. இதை நான் மறைக்கப்போவதில்லை.

கொக்கியை மேலே கேப்டன் அறையிலிருந்தே திறக்க ஒரு பொத்தான் உண்டு. அது பழுது. கம்பெனிக்கு மூன்று முறை எழுதினோம். பதில் இல்லை. மிச்சம் இருந்தது பின்தளத்தில் ஒரு கை நெம்புகோல் மட்டும். அதுவும் தேய்ந்தது. இன்ஜின் அதிர்ந்தால் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு முறை இழுத்து வந்த படகைப் பாதி வழியில் விட்டுவிட்டது. "எதையாவது போட்டுக் கட்டு" என்றார் கேப்டன். கப்பலில் வழக்கம் என்ன? மெல்லிய கயிறு. ஆபத்து வந்தால் யாரும் ஒரே வெட்டில் அறுத்துவிடலாம். எனக்கும் தெரியும்.

எனக்குக் கயிறு கேவலமாகப் பட்டது. நான் திண்டுக்கல்காரன். லீவில் போனபோது ஊர்ப் பூட்டு ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். கையளவு பித்தளை. எல்லாரும் வந்து தூக்கிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆரோக்கியம் சிரித்தான். "கடலுக்கே பூட்டுப் போட்டாண்டா எங்க ஊருக்காரன்! திருடன் வந்தா நீந்தித்தான் வரணும் மாப்ள." சாவி தொலையக் கூடாது என்று என் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். மூன்று முடிச்சு. ஊரில் பீரோ சாவியை அப்படித்தான் வைத்திருப்பேன். இன்னொரு சாவி வீட்டில் இருந்தது.

ஒன்பது பதினெட்டு. ஓடுகிறேன். தளமெல்லாம் பெயின்ட். இரண்டு முறை வழுக்கி விழுகிறேன். ஆரோக்கியம் சுத்தியலால் பூட்டை அடிக்கும் சத்தம் கேட்கிறது. டங். டங். டங். உடையவில்லை. நல்ல பூட்டு. நாசமாய்ப் போன நல்ல பூட்டு.

இன்னும் வடம் தளர்வாகத்தான் இருக்கிறது. இப்போது திறந்தால் சும்மா கழன்று கடலில் விழும். ஒருவனுக்கும் ஒன்றும் ஆகாது.

வந்துவிட்டேன். முடிச்சு அவிழவில்லை. வேர்வையில் ஊறி இறுகிவிட்டது. என் கத்தி இடுப்பில் இல்லை. வெஞ்சனத்துக்கு வெங்காயம் நறுக்கக் காலையில் சமையல்காரர் வாங்கிப் போயிருந்தார். இழுக்கிறேன். பல்லுக்கு எட்டவில்லை. ஆரோக்கியம் என் இடுப்பைப் பிடித்து இழுக்கிறான். கயிறு தோலை அறுக்கிறது. அறுந்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

பூட்டைத் திறக்கும்போது மணி ஒன்பது இருபத்திரண்டு. அதற்குள் எரியும் கப்பல் நீரோட்டத்தில் பக்கவாட்டில் போய்விட்டது. வடம் விறைத்துவிட்டது. முனகுகிறது. டக் ஒரு பக்கம் சாய்கிறது. நெம்புகோலை இழுக்கிறேன். அசையவில்லை. ஆரோக்கியம் ஓர் இரும்புக் குழாயை அதில் செருகினான்.

"தள்ளிப் போடா! வடம் அடிக்கும், தள்ளிப் போ!"

என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். நான் மல்லாந்து விழுந்தேன். அவன் குழாயில் தொங்கினான். கொக்கி திறந்தது. துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். வடம் தளத்தைக் குறுக்கே வாரிக்கொண்டு போனது. நான் தலை தூக்கிப் பார்க்கிறேன். குழாய் கிடக்கிறது. ஒரு செருப்பு கிடக்கிறது. ஆள் இல்லை. எழுந்து ஓடிப் பார்க்கிறேன். தண்ணீரில் எண்ணெயும் நெருப்பும்தான்.

ஒன்பது முப்பத்தொன்று. இரண்டாவது ட்ரோன். இம்முறை எங்கள் புகைபோக்கியில். காற்றடைத்த படகில் ஒன்பது பேர் ஏறினோம். பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு டக் மூழ்கியது.

கரையில் ஒரு ஹோட்டல் அறை. ஏசி. பிஸ்கட். கம்பெனி ஆள் ஒரு தாள் நீட்டினான். 'நாங்கள் ஒன்பது பேரும் நலம்.' கேப்டன் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் போட்டோம். நானும் போட்டேன்.

போடும் முன் கேட்டேன். "ஆரோக்கியம்?" அவன் நல்ல தமிழில் சொன்னான். "அவர் லிஸ்ட்லயே இல்லீங்களே. இருந்தார்னு நீங்க எழுதுனா, எப்படி இறந்தார்னும் எழுதணும். கொக்கியில யாரு பூட்டுப் போட்டதுன்னும் எழுதணும். எழுதட்டுமா?"

பயந்துவிட்டேன். ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் அந்தக் காகிதம் வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அன்றே பஸ் ஏறி சேவுகம்பட்டிக்குப் போனேன். ஆரோக்கியத்தின் மனைவி ஜெசிந்தா வாசலில் மல்லிகைப்பூவை எடை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். ஊரில் அவன் வேறொருத்தியோடு வெளிநாட்டிலேயே தங்கிவிட்டான் என்று பேசுகிறார்களாம். சொந்த அண்ணனே அப்படித்தான் சொல்கிறாராம். கோயிலில் அவனுக்குப் பூசை வைக்கவும் வழியில்லை. செத்தான் என்று சொல்ல யாரும் இல்லை.

"கேட்டா, அவரு கப்பல்லயே இல்லங்கிறாங்கண்ணே. அப்ப இருபத்து மூணு நாளா எங்கருந்து எனக்குப் போன் பேசுனாரு? ஆகாசத்துலருந்தா?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன். கயிறு, பூட்டு, முடிச்சு, குழாய், செருப்பு. அவர் அழவில்லை. என் இடுப்பையே பார்த்தார்.

"சாவி எங்க?"

வீட்டில் இருந்த இன்னொரு சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். தொடவில்லை.

"செத்துட்டாருன்னு சொல்ல உங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு. எழுதுங்க. பூட்டையும் சேத்து எழுதுங்க. பூட்டுனது யாருங்கிறத விட்றாதீங்க."

நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் செய்தது சரி. என் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கம்பெனி மேல் இருக்கும் கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பொத்தானைப் பழுது பார்க்காதது அவர்கள். ஆளை அனுப்பாதது அவர்கள். செத்தவனைக் காகிதத்தில் இரண்டாவது முறை கொன்றதும் அவர்கள். பூட்டியது நான்.

அந்தச் சேவை வரலாற்றின் கடைசி வரியை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மூழ்கிய டக் ஒன்று. அதற்குப் பெயர் மூன்று. எரிந்த எண்ணெய்க் கப்பல் ஒன்று. கடலுக்கடியில் திறந்து கிடக்கும் திண்டுக்கல் பூட்டு ஒன்று. அன்று காலை டக்கில் இருந்தவர்கள் பத்துப் பேர். கரைக்கு வந்தவர்கள் ஒன்பது. வராதவன் ஆரோக்கியம், சேவுகம்பட்டி. சாவி என்னிடம் இருக்கிறது.