சுண்ணாம்புச் சம்மனசு

— எழுந்திரு பிலோக்கா. சனமெல்லாம் வெளிய நிக்குது. கோயில இடிக்கிற மிஷினு ஏரிக்கரைல வந்து நிக்குது.

— நிக்கட்டும் தேவா. ஜெஸ்ஸி விழுந்த எடம் இது. இத வுட்டு எங்க போவச் சொல்ற?

— அதான் எனக்கு மெய்யாலுமே புரியல. மேல இருந்து அந்த றெக்க வச்ச சம்மனசு பொம்ம பேந்து விழுந்துதான் உன் பொண்ணு போன வருசம் செத்துச்சு. மொதல்ல கடப்பாறை எடுக்க வேண்டியவ நீ. நீ இன்னான்னா கதவ சாத்திக்கினு உள்ள குந்தினுகீற.

— அந்தத் தூணப் பாரு. வலைக்கயிறு முறுக்கின கணக்கா மேல வரிக்கும் ஏறுது. சுத்தியும் திராட்சக்கொடி. எல்லாம் சுண்ணாம்பும் கருப்பட்டியும். பறங்கிக்காரன் படம் காட்ட, நம்ம ஆளுங்க கையால பூசினது.

— தெரியும்கா. அப்பால டச்சுக்காரன் பீடத்தத் தூக்கிப் போட்டுட்டு இங்க துணிமூட்டை அடுக்கினான். அவன் போனப்புறம் நம்மவங்க திரும்ப மாதாவ வச்சாங்க. சாமியார் பிரசங்கத்துல கேட்டதுதான். அதுக்காவ? சுவரெல்லாம் உப்பு பூத்துக்கீது. இன்னொரு புள்ள சாவணுமா?

— சுனாமி அன்னிக்கி இந்தக் கோயிலு மணிக்கூண்டுலதான் நாம ரெண்டு பேரும் உசுரோட இருந்தோம்.

— அப்ப என்ன இடுப்புல தூக்கினு ஏறினவ நீ. அந்த அக்காவுக்காவதான் இதப் பண்றேன். இது நிக்கிற வரிக்கும் நீ ஒழுங்கா ஒரு வாய் சோறு துண்ண மாட்ட. சாமியார் கால்ல விழுந்து இடிக்க ஒத்துக்க வச்சதே நான்தான்.

— தெரியும்.

— மிஷினு கை வைக்கிறதுக்கு முன்ன அந்த வளைவுல ஏறப் போறேன். மிச்சம் கீற பாதிச் சம்மனச என் கையால பேக்கணும். ஏணி கொணாந்துட்டேன்.

— நீ ஏறாத. வேற யாரனா ஏறட்டும்.

— ஏன்?

— சொன்னா கேளுடா.

— ஏன்னு சொல்லு. அதுவரிக்கும் நவுர மாட்டேன்.

— ஜெஸ்ஸி வருசப் பூசைக்கு பூ கட்ட நான் மேல ஏறினேன் தேவா. அப்பதான் பாத்தேன். கோயிலு அவளக் கொல்லல. சம்மனசு பேந்த பொளவுக்குள்ள ஒரு ஆணி துருப்புடிச்சு உப்பி, சுண்ணாம்பப் பொளந்து வச்சிருக்குது. திருவிழாவுக்கு சீரியல் லைட்டு கட்ட நீ அடிச்ச ஆணி. உன் கண்ணுல படக்கூடாதுன்னு புடுங்கிப் பாத்தேன். வரல.