இடது கம்பும் என் இரண்டு வயதுகளும்

தலைமையேற்று இந்த மேடையைத் தலைநிமிரச் செய்திருக்கும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே! முழங்கால் வலியை மறைத்து முகம் மலர முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! ஏலம் முடிந்த கையோடு மீன்கூடையை ஓரம் வைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் என் தாய்மார்களே! விழாக்குழுச் செயலாளர், எங்கள் தெருவின் செல்லப்பிள்ளை, தம்பி ஜெரால்ட் அவர்களே! இராயபுரத்து உப்புக் காற்றில் உரமேறிய என் சொந்தங்களே! துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய இன்னாசியின் பணிவான வணக்கம்.

இப்போதுதான் என் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. கைதட்டினீர்கள், மகிழ்ச்சி. ஆனால் கேட்கிறேன், இந்தத் தோளில் இன்று விழ வேண்டியது பொன்னாடையா? முப்பத்தைந்து திருவிழாவாக மாதா சப்பரத்தின் முன்வரிசையில் இடது கம்பைத் தாங்கிய தோள் அல்லவா இது?

போன வாரம் ஜெரால்ட் வீட்டுக்கு வந்தார். "மாமா, ஒனுக்கு அறுவது ஆய்ட்ச்சி. இந்த வர்சம் கம்பு வோணாம். மெழுகுவத்தி புட்ச்சிகினு முன்னால நடந்து வா. மேடையில சால்வ போத்துறோம்" என்றார். அறுபது ஆனவர்கள் சப்பரம் தூக்கக் கூடாதாம், குழுவின் புது விதியாம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. கப்பல் இரும்பைக் காற்றிலே தூக்கிய கை, அன்று தலைமுடிக்கு மை தேடியது! பார்த்த என் மனைவி ரெஜினா கேட்டாள்: "இன்னாய்யா இது, சப்பரத்த முடியா தூக்கப் போவுது?" அங்கே சிரிப்பது மளிகைக்கடை சுயம்பு அண்ணாச்சிதானே? சிரியுங்கள் அண்ணாச்சி, அந்த மை உங்கள் கடையில் வாங்கியதுதான்!

மை போதவில்லை. வயதையே குறைக்கக் கிளம்பினேன். நம் காலத்துப் பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதியை யார் கேட்டார்கள்? வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது, உள்ளே வா! தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொள்வார். எங்கள் தெருவில் பலருக்கு அப்படி ஓரிரண்டு வயது கூடிப்போயிருந்தது. எனக்கும் அப்படித்தான் என்று நம்பி, ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கக் கோயில் அலுவலகத்துக்கு ஓடினேன்.

அலுவலகத்தில் இருக்கும் கரோலின் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அங்கிள், ஸ்கூல்ல தப்பாத்தான் எழுதிகிறாங்க."

"பாத்தியாம்மா!"

"ஒங்களுக்கு அறுவது இல்ல."

"அதான் தெரியுமே!"

"அறுவத்தி மூணு."

இடி விழுந்தது போல் நின்றேன். அன்று என்னோடு அலுவலகத்துக்கு வந்திருந்த என் அக்கா சிலுவையம்மாள், அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார், அவர்தான் விளக்கம் சொன்னார்: "நோஞ்சானா இருந்தடா நீ. கை காதுக்கு எட்லியே! மூணு வர்சம் நாந்தான் இட்டுகினு போயி, அப்டியே திருப்பி இட்டுகினு வந்தேன்." எட்டு வயதில்தான் கை எட்டியது. ஐந்து என்று எழுதிவிட்டார்கள்.

பதிவேட்டை மூடம்மா, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சியிருக்கலாம். வாய் வரை வந்தது. அப்போதுதான் யோசித்தேன். அப்படியானால் அறுபது ஆன பிறகும் மூன்று திருவிழா தூக்கியிருக்கிறேனே! தோள் தடுமாறியதா? கால் இடறியதா? போன வருடம் தெருமுனைத் திருப்பத்தில் சப்பரம் சாய்ந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பின் கம்பில் கால் வழுக்கிய ஒருவர், "மாமா, புட்ச்சிக்கோ!" என்று அலறினாரே, யார் அவர்? தலையைக் குனியாதே ஜெரால்ட்! அன்று பிடித்துக்கொண்டது ஐம்பத்தொன்பது வயதுத் தோள் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். பிடித்தது அறுபத்திரண்டு!

எதை மறைக்க ஓடினேனோ, அதுவல்லவா என் பெருமை? எதற்கு மை பூசினேனோ, அதுவல்லவா என் மகுடம்? ஆகவே இந்த ஒலிபெருக்கி அதிரச் சொல்கிறேன்: எனக்கு அறுபது இல்லை! அறுபத்து மூன்று! காசிமேடு வரை கேட்கட்டும், அறுபத்து மூன்று!

தளர்ந்தவர் ஒதுங்குவது தாழ்வல்ல. என் தோள் தளரும் நாளில் நானே வந்து மெழுகுவர்த்தி கேட்டு வாங்குவேன். ஆனால் அந்த நாளை என் தோள் சொல்லட்டும், தாள் சொல்ல வேண்டாம்.

தந்த பொன்னாடையைத் திருப்பித் தரமாட்டேன், அது மரியாதை ஆகாது. இதோ, நாலாக மடித்து இடது தோளில் வைத்துக்கொண்டேன். கம்பு உறுத்தாமல் இருக்கும். கை எட்டவில்லை என்று மூன்று வருடம் என்னை வாசலில் நிறுத்தினார்கள், அது நியாயம். தோள் எட்டும்போதும் வாசலில் நிறுத்தலாமா?

என்ன ஜெரால்ட்? உரக்கச் சொல், தாய்மார்களுக்கும் கேட்கட்டும்... "எட கம்பு ஒன்னுதுதான், எறங்கி வா மாமா" என்கிறார்!

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், கண் கலங்கி நிற்கும் என் அக்காவுக்கும், வயதைக் கூட்டித் தந்த கரோலினுக்கும் நன்றி சொல்லி, வணங்கி, இறங்குகிறேன். வழி விடுங்கள், மாதா காத்திருக்கிறாள்!